தண்ணீர் கேட்டவருக்குக் காலண்டர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க நான் காலண்டர்தான் சுருட்டினேன்.

டைப் அடிப்பதற்கென்று என்னை எடுத்திருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். ஊர் சிங்கவரம். செஞ்சி பஜாரில் பம்புசெட் கடையில் வேலை என்றதும் என் நைனா, "மோட்டார் கடையில பொம்பளப் புள்ளைக்கு இன்னா வேலை?" என்று கேட்டார். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய், "காலண்டர் சுருட்டுற வேலை நைனா" என்றேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

இந்த வருஷம் நம் கடைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் ஏதாவது பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மோட்டாரைப் பற்றி நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் கடைசிவரை ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை. காலையில் கடை திறந்ததும் பத்து வேலை ஒரே நேரத்தில் வந்து நிற்குமே, அதில் எதை முதலில் கையிலெடுப்பது என்பதை மட்டும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதுவும் அடிபட்டுத்தான்.

அறுபதுகளின் நடுவில், செஞ்சியைச் சுற்றி ஊர் ஊராகக் கரண்டுக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை மாடுகளைக் கட்டித் தோல் சாலில்தான் தண்ணீர் இறைத்தார்கள். அதற்குக் கவலை என்று பெயர். கவலை இறைத்த கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் ஏறியது. இன்று நமக்கு மூன்று ஊர்களில் கடை இருக்கிறது. அன்று ஒரே கடை. அதில் முதலாளி, மேஸ்திரி, நான் என்று மூன்றே பேர்.

முதலாளி மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். விவசாயிகள் அவரை நயினார் என்றுதான் அழைப்பார்கள். அவர் சிரித்தால் எதிர்க்கடை வெற்றிலைக்காரர் என்ன என்று எட்டிப் பார்ப்பார். தினம் ஒரு யோசனை உதிக்கும். உதித்ததும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி என் மேசையில் வைத்துவிடுவார். மேஸ்திரி என்று நாங்கள் கூப்பிட்டது மோட்டார் மாட்டும் ஃபிட்டரை. முப்பது வயது இருக்கும். எந்தக் கிணற்றிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று இறங்கிவிடுவார். என்னை டைப்பம்மா என்பார்.

அந்த மார்கழியில் முதலாளியின் யோசனை காலண்டர். சுற்றுவட்டாரத்தில் காலண்டர் தொங்காத டீக்கடை இருக்கக் கூடாது என்பது உத்தரவு. நான் சுருட்டிக் கட்டினேன். மேஸ்திரி அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அப்படி ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து கோவிந்தசாமி என்று ஒரு விவசாயி வந்தார்.

"மோட்டாரு சுத்துதும்மா. தண்ணி வரமாட்டேங்குது."

"மேஸ்திரி வெளிய போயிருக்காரு. உட்காருங்க."

உட்கார்ந்தார். நான் சுருட்டினேன். பகல் பஸ்ஸுக்கு ஒரு கட்டு அனுப்பியாக வேண்டும். அவர் இரண்டு தடவை எழுந்து தெருவைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் பெயரைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. உச்சி வெயிலில், "நான் கிளம்புறேம்மா" என்று எழுந்தார். வெறும் கையோடு போகிறாரே என்று ஒரு காலண்டரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

நான் அவரை மறந்துவிட்டேன். அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம் செஞ்சியில் பஸ் மாறிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கடை வாசலில் நின்று போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, காலண்டர் கடை இதானே?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டார். சாயங்காலத்துக்குள் பஜாரில் எங்கள் கடைக்குப் பெயர் மாறிவிட்டது. யார் வைத்த பெயர் என்று விசாரித்ததில் கோவிந்தசாமி என்று தெரிந்தது. மறுநாள் மேஸ்திரியே அவர் ஊருக்குப் போனார். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருக்கும் வால்வில் ஒரு புங்க இலை சிக்கியிருந்ததாம். எடுத்துப்போட்டதும் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் மிளகாய் நாற்றில் பாதி கருகியிருந்தது. மோட்டார் கொட்டகையில், மோட்டாரின் கழுத்திலேயே என் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

மேஸ்திரி திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"அவரு இன்னா கேட்டாரு டைப்பம்மா?"

"தண்ணி வரலன்னாரு."

"நீ இன்னா குடுத்த?"

மேசைமேல் கிடந்த காலண்டர் கட்டை எடுத்துக் கீழே வைத்தேன்.

"உன்னை மட்டும் சொல்லல. நானும் அன்னிக்குக் காலண்டர் சுமந்துக்கினுதான சுத்தினேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கோவிந்தசாமியை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த தடவை அவர் செஞ்சிக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டுக்கே ஓடினேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது.

"காலண்டர் நல்லாத்தாம்மா இருக்குது. நீங்க என்னிக்கு வருவீங்கன்னு தினம் அதுலதான் பார்த்துக்கினு இருந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். யார் உள்ளே வந்தாலும் பெயர், ஊர், எதற்கு வந்தார் என்று எழுதினேன். புது மோட்டார் வாங்க வருகிறவர்களிடம் மட்டும் இன்னொரு கேள்வி கேட்டேன். நம்ம கடைக்கு வரணும்னு எப்படித் தோணிச்சு? ஒரு போகம் முடியும்வரை இதையே செய்தேன்.

அந்த நேரத்தில் முதலாளி கடைக்குள் ரேடியோ கொண்டுவந்தார். பிறகு தையல் மெஷின். பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்கு. ரேடியோவில் பாட்டு ஓடும்போது வாசலில் கூட்டம் நிற்கும். முதலாளிக்குப் பெருமை தாங்காது. ஒரு நாள் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வர முடியாமல், பம்புக்கு வாஷர் வாங்க வந்த ஒரு பெரியவர் வெளியிலிருந்தே, "ஒரு வாசர் வேணும்மா, வாசர்!" என்று கத்தினார். பாட்டுக்கு நடுவில் அவர் ஏதோ கூடப் பாடுகிறார் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள்.

நோட்டை முதலாளியிடம் காட்ட எனக்குத் தைரியம் வர நாளாயிற்று. ஒரு நாள் காட்டினேன். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'மச்சான் கிணத்துல தண்ணி கொட்டறதைப் பார்த்தேன்.' 'பக்கத்து வயல்காரர் மோட்டார் நின்னுபோச்சு, அன்னிக்கே வந்து சரி பண்ணாங்களாம்.' 'எங்க ஊர்ல மூணு கொட்டாயில உங்க மோட்டார்தான் ஓடுது.' பக்கம் பக்கமாக இதேதான்.

"ரேடியோ பார்த்துட்டு யாரும் வரலியாம்மா?"

"வந்தாங்க முதலாளி. பாட்டு கேட்டுட்டுப் போனாங்க."

வெற்றிலைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். ஆனாலும் ரேடியோவை எடுக்கவில்லை. "இருக்கட்டும்மா, அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்" என்றார். யோசனைகள் மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

இந்த இடத்தில் என் தவறையும் சொல்லிவிட வேண்டும். நோட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனத்தைக் கொடுத்துவிட்டது. நின்றுபோன மோட்டாரை ஓடவைப்பதுதான் நம் உயிர். மற்றதெல்லாம் வீண் என்று முடிவு கட்டினேன். அப்போது என் கண்ணில் பட்டவர் மேஸ்திரி. வேலை முடிந்ததும் கிளம்பாமல், கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கதையளந்துவிட்டுத்தான் அவர் வருவார். அந்த நேரத்தில் இன்னொரு ஊர் போகலாமே? டைப் அடித்து ஒரு டைம் டேபிள் கொடுத்தேன். எந்த ஊர், எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு மாதம் டைம் டேபிள்படி நடந்தது. புகார் குறையும் என்று பார்த்தால் கூடிக்கொண்டே போனது. ஒருவர் குழாயில் தண்ணீர் ஊற்றாமலே சுவிட்சைப் போட்டு, பம்பை வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றிவிட்டார். இன்னொருவர் கிணற்றுக் குழாயின் வாயைச் சுற்றிக் கட்டியிருந்த வலையை மீன் பிடிக்க அவிழ்த்துவிட்டார். இன்னொருவர் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டார். நல்ல வேளை, கரண்டு உதறித் தள்ளியதோடு போயிற்று. அந்தக் கடைசி ஆளைப் பற்றிக் கேட்டதும் எழுந்து மேஸ்திரியிடம் போனேன்.

"ஏன் மேஸ்திரி, இதெல்லாம் முன்னாடி நடந்ததே இல்லியே?"

"முன்னாடி நான் உட்கார்ந்து பேசிக்கினு இருந்தேன்ல" என்றார். "சம்பந்தி சண்டையில ஆரம்பிச்சு சுவிட்சுல கொண்டாந்து முடிப்பேன். நீ இப்படிச் செய், அப்படிச் செய்யாதேன்னு நேரா சொன்னா ஒருத்தனும் காதுல வாங்க மாட்டான் டைப்பம்மா."

டைம் டேபிளைக் கிழித்துப் போட்டேன். "நாளையிலேர்ந்து பேசிட்டே வாங்க" என்றேன்.

"எவ்ளோ நேரம் பேசணும்னு டைப் அடிச்சுக் குடு" என்று அவர் கையை நீட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எது முக்கியம் என்று தேடத் தொடங்கும்போது முதலில் வெட்டத் தோன்றுவது பேச்சையும் பொறுமையையும்தான். வெட்டுவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இனி, என்னை உண்மையிலேயே நடுங்க வைத்த நாளுக்கு வருகிறேன்.

மோட்டார் கம்பெனி தாலுகா முழுமைக்கும் ஒரே ஏஜென்சி கொடுப்பதாக இருந்தது. திண்டிவனத்தில் ஒரு பெரிய கடையும் போட்டியில் நின்றது. கம்பெனியின் மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து கடையைப் பார்த்துவிட்டு எழுதுவதைப் பொறுத்துத்தான் முடிவு. கிடைத்தால் கடை வளரும். கிடைக்காவிட்டால் அந்த மோட்டாரையே நாங்கள் விற்க முடியாது.

முதலாளிக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. நீரூற்று! கடைக்கு நடுவில் சிமெண்டுத் தொட்டி கட்டி, அதில் தாமரை வரைந்து, ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்றை இணைத்து, அதிகாரி உள்ளே நுழையும்போது தண்ணீர் உத்தரத்தைத் தொடுமளவுக்குப் பீய்ச்ச வேண்டும். முதல் சோதனையில் தண்ணீர் உத்தரத்தைத் தொட்டுத் திரும்பி என் டைப்ரைட்டர் மேல் விழுந்தது. மேஸ்திரி வேகத்தைக் குறைத்தார். மோட்டாருக்குச் சந்தனம் பூசி மாலை போட்டார்கள்.

குறித்த நாளில் முதலாளி விடிந்ததும் வாடகைக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிகாரியை அழைத்துவரத் திண்டிவனம் ரயிலடிக்குப் போய்விட்டார். எட்டு மணிக்கு மேல்சித்தாமூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக ஒரு அம்மாள் வந்தார். பெயர் பத்மாவதி. கணவர் இறந்த பிறகு நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டவர். அந்த ஊர் வயலில் முதல் மோட்டார் வாங்கிப் போட்டதும் அவர்தான்.

"மோட்டாரு புகைஞ்சு நின்னுபோச்சும்மா. தீஞ்ச நாத்தம் அடிக்குது."

மேஸ்திரி இரண்டு கேள்வி கேட்டார். உள்ளே சுற்றியிருக்கும் கம்பி எரிந்துபோயிருக்கிறது. வேறு சுற்றிக் கொண்டுவர ஒரு வாரத்துக்குமேல் ஆகும்.

"ஒரு வாரமா? நெல்லு பால் புடிச்சு நிக்குது. ஐப்பசி மழையும் இல்லாம போச்சு. இன்னைக்குள்ள தண்ணி பாயலன்னா எல்லாம் பதரும்மா." அவர் மூச்சு வாங்கினார். "மாட்டை வித்துத்தான் மோட்டார் வாங்கினேன். மாட்டுக் கவலையும் போச்சு, மனக் கவலையும் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். என் கொழுந்தனார் வரப்புல நின்னுக்கினு சிரிக்கிறாரு."

கடையில் அந்த அளவு மோட்டார் வேறு இல்லை. புதுச் சரக்கு லாரியில் வர நாளாகும். இருந்தது ஒன்றே ஒன்று. தாமரைத் தொட்டிக்குப் பக்கத்தில், மாலையோடு.

மேஸ்திரி மோட்டாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டைப்பம்மா, வேணாம். முதலாளி வந்தா இன்னா சொல்லுவோம்? நான் போய்ட்டா இங்க ஓட்டிக் காட்டறதுக்கும் ஆளில்ல."

போன் செய்து கேட்க வழியில்லை. அவர் ரயிலடியில் நின்றுகொண்டிருப்பார். அடுத்த பஸ் இருபது நிமிஷத்தில். எனக்கு இருபத்திரண்டு வயது. இந்த வேலை போனால் நைனா அடுத்த மாதமே கல்யாணம் பேசிவிடுவார். நாளைக்குக் கொடுத்தால் என்ன, அதிகாரி போன பிறகு சாயங்காலம் அனுப்பினால் என்ன என்று மனம் வழி தேடியது. சாயங்காலம் அனுப்பினால் மாட்டி முடிக்க மறுநாள் மதியம் ஆகும். அந்த அம்மாள் வாசல் படியில் உட்காரக்கூட இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.

எனக்குப் பெரிய தெளிவெல்லாம் வரவில்லை, பிள்ளைகளே. ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டேன். இந்த அம்மாளின் வயல் காய்ந்தால், ஏஜென்சி கிடைத்தும் அந்த ஊரில் யார் நம்மிடம் மோட்டார் வாங்குவார்கள்?

"கழட்டுங்க மேஸ்திரி. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நிஜமாவா?"

"கழட்டுங்கன்றேன்ல!"

மாலையோடு கழற்றினார்கள். பஸ் கண்டக்டரிடம் கெஞ்சி, நாலு பேர் சேர்ந்து மோட்டாரைப் பஸ்ஸின் கூரைமேல் ஏற்றினார்கள். சந்தனம் பூசிய மோட்டார் கூரையில் போவதைப் பார்த்து, எந்த ஊர் சாமி புறப்பாடு என்று பஜாரில் ஒருவர் கேட்டார்.

பதினோரு மணிக்குக் கார் வந்து நின்றது. முதலாளி முன்னால் ஓடிவந்து, கையை அகல விரித்து, "வாங்க சார், பாருங்க" என்றார். அதிகாரி பார்த்தார். வறண்ட தொட்டி, அதில் வரைந்த தாமரை, மோட்டார் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. ஓரத்தில் நான்.

முதலாளியின் கை விரித்தபடியே நின்றது. "ஏம்மா சரோஜா, மோட்டார் எங்க?"

"மேல்சித்தாமூர் வயல்ல இருக்குது முதலாளி." நடந்ததைச் சொன்னேன். என்றுமே கோபப்படாத மனிதர். அன்று அவர் முகம் கறுத்ததைப் பார்த்தேன்.

அதிகாரி உயரமான மனிதர், அதிகம் பேசாதவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மோட்டார் ஓடறதைப் பார்த்துட்டு எழுதணும்னுதான் வந்தேன். இங்க இல்லன்னா, இருக்கற இடத்துக்குப் போவோம்" என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். என்னையும் வரச் சொன்னார்கள்.

போய்ச் சேர்ந்தபோது மோட்டார் மாட்டியாகிவிட்டது. மேஸ்திரி எண்ணெயும் சேறுமாக நின்றார். ஊரே வரப்பில் நின்றது. கொழுந்தனாரும் நின்றார்.

"எல்லாம் ரெடி முதலாளி."

"அப்போ போடு."

"கரண்டு இல்ல முதலாளி. ஒரு மணி நேரம் முன்னாடி போச்சு."

எங்கே போவது? எல்லோரும் புளிய மரத்தடியில் உட்கார்ந்தோம். மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. அதிகாரியைச் சுற்றி விவசாயிகள் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். ஏன் சார் எரியுது? ஒரு மோட்டார் எத்தினி வருஷம் உழைக்கும்? எரிஞ்சா மாத்து மோட்டார் ஏன் சார் நீங்களே வச்சிருக்கக் கூடாது? அவர் முதலில் சுருக்கமாகப் பதில் சொன்னார். பிறகு பையிலிருந்து பேப்பரை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

ஐந்து மணிக்கு வெயில் சாய்ந்தது. முதலாளி சமணர், சூரியன் மறைந்த பிறகு சாப்பிடுகிற வழக்கமில்லாதவர். அதிகாரியை உபசரிக்கும் பதற்றத்தில் மதியமும் சரியாகச் சாப்பிடவில்லை. பத்மாவதி அம்மாவுக்கும் அதே வழக்கம் என்பதால் தெரியும். தயிர்சோற்றுத் தூக்கோடு வந்து நின்றார்.

"நயினார், பொழுது இறங்குது. ஒரு வாய் சாப்பிட்டுருங்க."

முதலாளி வயலைப் பார்த்தார். பொட்டுத் தண்ணீர் இல்லாமல் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. கதிர்கள் நிமிர்ந்து வெளிறி நின்றன. அவர் அந்த வயலைப் பார்த்த பார்வையில்தான் என் நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் அசைந்தது.

"தண்ணி வரட்டும்மா. அப்புறம் சாப்பிடறேன்."

"தண்ணி ராத்திரிதான் வந்துதுன்னா?"

"பட்டினி கெடக்கறேன். எங்க மோட்டாரால உன் பயிரு கெடக்குதில்ல?"

சூரியன் செஞ்சி மலைக்கு மேல் ஒரு சாண் இருக்கும்போது கொட்டகைக்குள் பல்பு எரிந்தது. மேஸ்திரி ஓடினார். பெண்கள் குடம் குடமாகக் குழாயில் தண்ணீர் ஊற்றினார்கள். சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. குழாய் இரண்டு தடவை இருமியது, கொஞ்சம் காற்றைத் துப்பியது. அப்புறம் ஒரு தொடை கனத்துக்கு வெள்ளையாகத் தண்ணீர் வந்து விழுந்தது.

வரப்பு முழுக்கக் கத்தியது. பிள்ளைகள் தண்ணீர் விழும் கிணற்றடித் தொட்டிக்குள் குதித்தார்கள். மேஸ்திரி மோட்டாரின் மாலையைக் கழற்றி என்ன செய்வதென்று தெரியாமல் கொழுந்தனார் கழுத்தில் போட்டுவிட்டார். அதிகாரி ஷூவைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நடந்தார். தண்ணீர் கடைசி மடைக்குப் போகிறதா என்று பார்க்கிறாராம்! முதலாளி தண்ணீர் விழும் இடத்திலேயே நின்று, வேட்டி நனைய நனைய, மறைகிற சூரியனைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாகத் தயிர்சோற்றை உருட்டி விழுங்கினார். விழுங்குவதற்கு நடுவே சிரித்தார். அந்தச் சிரிப்பு எத்தனை வயலுக்குக் கேட்டிருக்குமோ.

திரும்பும்போது காரில் என்னிடம், "என்னைக் கேட்காம செஞ்சுட்டே" என்றார்.

"ஆமா முதலாளி."

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பேன்" என்றார். ஈர வேட்டியை உதறிவிட்டு, "அதனால கேட்காததே நல்லது" என்றார்.

அதிகாரி அன்று ஒரு வார்த்தையும் உறுதியாகச் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டார். அடுத்த இரண்டு வாரம் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பேன். கடைசியில் கவர் வந்தது. நானே பிரித்து, நானே தமிழில் சொன்னேன். ஏஜென்சி நமக்குத்தான். கூடவே மூன்று நிபந்தனைகள். ஒவ்வொரு அளவிலும் ஒரு மாற்று மோட்டார் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். இன்னும் இரண்டு ஃபிட்டர்களை வைக்க வேண்டும். கடைக்கு நடுவிலுள்ள தொட்டி இடத்தை அடைப்பதால் அகற்றிவிட வேண்டும்.

"தாமரை நல்லா இருந்துதேம்மா" என்று முதலாளி கொஞ்சம் வருத்தப்பட்டார். அந்த வாரமே தொட்டியை உடைத்தார். ரேடியோவும் தையல் மெஷினும் வேறு கடைகளுக்குப் போயின. என் மேசையை வாசலுக்கு நகர்த்திப் போட்டார்கள். நின்றுபோன மோட்டார் எந்த ஊரில் என்று காலையில் முதலில் பார்ப்பது, அதற்கு ஆள் கிளம்பிய பிறகுதான் மற்ற வேலை என்பது அன்று தொடங்கிய பழக்கம். இன்றும் நீங்கள் அப்படித்தான் நாளைத் தொடங்குகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

அந்த அறுப்பின்போது பத்மாவதி அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். முதலாளி பட்டப் பகலில் கடையைப் பூட்டச் சொன்னார். வேலை நாளில் கடை பூட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். களத்து மேட்டில் நெல் குவிந்திருந்தது. தூற்றுகிற தூசியில் ஆட்களின் முகமே தெரியவில்லை. முதலாளி குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு கை நெல்லை அள்ளி, கசக்கி, ஊதி, அரிசியை எங்கள் இருவருக்கும் காட்டினார்.

பத்மாவதி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க நயினார், வாம்மா. மேஸ்திரியும் வந்துட்டாரா? இன்னா, மூணு பேருமே இங்க இருக்கீங்க, இன்னைக்கு வேலை இல்லியா உங்களுக்கு?"

முதலாளி கையில் இருந்த அரிசியை வாயில் போட்டு மென்றார்.

"இதாம்மா வேலை" என்றார்.